போப்பே இல்லாத ஆட்டம்

பிறருடைய வரலாற்றைக் கையில் எடுக்கும் வீடியோ கேம் யாரைக் கேட்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும்?

1680 ஆகஸ்ட் மாதம். இன்று அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலமாக இருக்கும் வறண்ட மேட்டு நிலத்தில், முடிச்சுப் போட்ட கயிறுகளோடு தூதுவர்கள் ஊர் ஊராக ஓடினார்கள். நாளுக்கு ஒரு முடிச்சு அவிழ்க்க வேண்டும். கடைசி முடிச்சு அவிழும் நாளில் அந்த நிலத்தின் பூர்வகுடிகளான பியூப்ளோ மக்களின் எல்லா ஊர்களும் ஒரே நேரத்தில் ஸ்பானியர் மீது பாய வேண்டும். திட்டம் வகுத்தவர் போப்பே. ஓகே ஓவிங்கே என்ற ஊர்க்காரர். சூனியம் செய்ததாகக் குற்றம் சாட்டி 1675-இல் ஸ்பானிய ஆளுநர் பிடித்துச் சென்ற 47 பேரில் ஒருவர், சாட்டையடி பட்டவர். தூதுவர் இருவர் பிடிபட்டுவிட்டதால் குறித்த நாளுக்கு முன்பே கிளர்ச்சி வெடித்தது. சுமார் 400 ஸ்பானியர் மாண்டார்கள், அவர்களில் 21 பேர் பாதிரியார்கள். மிஞ்சியவர்கள் சாண்டா ஃபே நகரைக் கைவிட்டுத் தெற்கே போனார்கள். அதன் பிறகு 12 ஆண்டுகள் அந்த மண்ணில் ஸ்பானியர் கொடி பறக்கவில்லை.

இப்படி ஒரு மனிதர் மீது 'சிவிலைசேஷன்' கேமைத் தயாரிக்கும் ஃபிராக்ஸிஸ் நிறுவனத்தின் கண் பட்டதில் வியப்பில்லை. 2013-இல் வரவிருந்த விரிவாக்கப் பதிப்பில் பியூப்ளோ மக்களை ஒரு நாகரிகமாகவும், போப்பேயை அதன் தலைவராகவும் சேர்க்க நினைத்தார்கள். பியூப்ளோ மக்களின் தலைவர்களைத் தொடர்பு கொண்டார்கள். போப்பேயைக் காட்ட வேண்டாம் என்று பதில் வந்தது. நிறுவனம் அந்த யோசனையைக் கைவிட்டது. அந்த இடத்தில் இன்னொரு பூர்வகுடியான ஷோஷோனி மக்களும் அவர்களுடைய தலைவர் போகடெல்லோவும் வந்து அமர்ந்தார்கள்.

கலைஞனுக்கு யாரும் வேலி போடக் கூடாது என்ற கட்சியைச் சேர்ந்தவன் நான். சினிமாவுக்கும் நாவலுக்கும் எதிராக நம்மூரில் எழும் கூச்சல்களில் பெரும்பாலானவை எனக்கு வெறுப்பையே தருகின்றன. ஆனாலும் பியூப்ளோ தலைவர்கள் சொன்ன மறுப்பு எனக்கு நியாயமாகவே படுகிறது. அந்த நியாயம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்ததன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

போப்பேயின் உருவத்தைக் காட்டவே கூடாது என்று பியூப்ளோ மக்கள் நினைப்பதாகச் சொல்ல முடியாது. வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தில் ஒவ்வொரு மாநிலமும் தன் சார்பாக இரண்டு சிலைகளை வைத்துக்கொள்ளலாம். நியூ மெக்ஸிகோ தன் இரண்டாவது சிலையாக 2005-இல் வைத்தது போப்பேயைத்தான். செதுக்கியவர் கிளிஃப் ஃபிராகுவா, ஹெமெஸ் பியூப்ளோவைச் சேர்ந்த சிற்பி. போப்பேயின் முகம் யாருக்கும் தெரியாது, அவர் காலத்துப் படம் எதுவும் இல்லை. சிற்பி கற்பனை செய்து வடித்த அந்தப் பளிங்கு மனிதரின் கைகளில் முடிச்சுக் கயிறு இருக்கிறது. பின்னால் போய்ப் பார்த்தால் முதுகில் சாட்டைத் தழும்புகள்.

அப்படியானால் சிலைக்குச் சரி, விளையாட்டுக்கு ஏன் கூடாது? அவர்கள் மனதில் இருந்ததை நான் சொல்ல முடியாது. எனக்குத் தோன்றும் காரணம் இது. சிலை நிற்கும், அவ்வளவுதான். விளையாட்டில் தலைவர் பேசுவார், மிரட்டுவார், கெஞ்சுவார், ஆடுகிறவர் சொன்னபடி அண்டை ஊரைக் கொளுத்துவார். நள்ளிரவில் உலகின் ஏதோ மூலையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் போப்பேயைக் கொண்டு ஸ்பானியரைப் போலவே கண்டம் தாண்டிக் குடியேற்றம் அமைக்கலாம். தங்கள் ஊர்களின் சடங்கு நாட்களில் வெளியார் கேமராவைத் தொடக்கூட விடாத மக்கள் அவர்கள். தங்கள் விடுதலையைத் திட்டமிட்ட மனிதரை அப்படி ஒரு கைப்பாவையாகக் கொடுக்க மறுத்தால் அதில் குறை காண எனக்கு மனம் வரவில்லை.

ஒன்றாகக் கலக்கப்பட்டவர்கள்

விளையாடாதவர்களுக்காக ஒரு விளக்கம். சிட் மையரும் புரூஸ் ஷெல்லியும் 1991-இல் உருவாக்கியது சிவிலைசேஷன். கற்கால ஊர் ஒன்றை வைத்துக்கொண்டு தொடங்குவீர்கள். நிலத்தைத் தேடுவீர்கள், ஊர்கள் அமைப்பீர்கள், எழுத்து, சக்கரம், வெடிமருந்து என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடிப்பீர்கள். மற்ற நாகரிகங்களோடு வணிகமோ போரோ நடத்தி விண்வெளி யுகம் வரை போவீர்கள். இன்னும் ஒரு முறை காய் நகர்த்திவிட்டுத் தூங்கலாம் என்று நினைத்து விடிந்துவிட்ட இரவுகள் என்னைப் போன்ற பலருக்கும் உண்டு. பள்ளிப் புத்தகத்தில் வராத பெயர்களைப் பல பிள்ளைகள் முதலில் கேட்டது இந்த விளையாட்டில்தான். அதனாலேயே அது சொல்வது எனக்கு முக்கியமாகிறது.

போப்பே விவகாரத்துக்கு ஆறு ஆண்டுகள் முன்பு, 2007-இல், இதே நிறுவனம் நான்காம் பதிப்பின் விரிவாக்கத்தில் 'பூர்வகுடி அமெரிக்கா' என்று ஒரே ஒரு நாகரிகத்தை வைத்தது. தலைவர் சிட்டிங் புல். அவர் வடக்குச் சமவெளியின் லகோட்டா இனத்தவர். அதன் தனிச் சிறப்புப் படைவீரர்கள் 'நாய் வீரர்கள்'. அது ஷையன் மக்களின் போர்க்குழு. தனிச் சிறப்புக் கட்டடம் உருவங்கள் செதுக்கிய மரத்தூண். அது சமவெளிக்கு வெகு தொலைவில், பசிபிக் கரையோரத்தில் வாழும் ஹைடா, டிலிங்கிட் முதலிய மக்களின் கலை. மூன்று மக்கள், மூன்று நிலங்கள், ஒரே கலவை. இதில் பகை இல்லை, இழிவுபடுத்தும் நோக்கமும் இல்லை. ஒரு தொலைபேசி அழைப்பில் தீர்ந்திருக்கக்கூடிய அறியாமை. ஒரு லகோட்டாச் சிறுமி அந்தத் திரையைப் பார்த்தால் தன் தாத்தாவின் தாத்தாவை அடையாளம் கண்டுகொள்வாள். அவர் பக்கத்தில் நிற்கும் தூண் அவளுக்கு அந்நியமாக இருக்கும்.

அந்த 2007-இலிருந்து 2013-க்கு வந்த தூரம் பெரிது. ஆனால் அடுத்த முறை நிறுவனம் வழுக்கியது.

முகம் சரி, விதி?

2018 ஜனவரியில் ஆறாம் பதிப்பின் விரிவாக்கத்தில் க்ரீ மக்கள் வருகிறார்கள் என்று அறிவித்தார்கள். தலைவர் பவுண்ட்மேக்கர். இந்த முறை கலவை எதுவும் இல்லை. அவர் க்ரீ மொழியில் பேசினார். அவருக்குக் கொடுத்த சிறப்பு ஆற்றல்கள் நட்புறவையும் வணிகப் பாதைகளையும் சார்ந்தவை. கட்டடம், வீரர் எல்லாமே க்ரீ பெயரோடு வந்தன. அப்படியும் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் இருக்கும் பவுண்ட்மேக்கர் க்ரீ நேஷனிலிருந்து எதிர்ப்பு எழுந்தது. அங்கே தலைமைப் பொறுப்பிலிருந்த மில்டன் டூடூசிஸ் இரண்டு விஷயங்களைச் சொன்னார். எங்களை யாரும் கேட்கவில்லை என்பது ஒன்று. பிறரை வென்று நிலத்தைப் பிடிக்க வேண்டும் என்ற காலனியக்காரர்களின் எண்ணமே எங்கள் மக்களுக்கும் இருந்தது என்ற பொய்யை இந்த விளையாட்டு பரப்புகிறது என்பது மற்றொன்று.

இரண்டாவது சொன்னதை யோசிக்க யோசிக்க அதன் ஆழம் தெரிகிறது. பவுண்ட்மேக்கர் யார்? 1876-இல் கனடிய அரசோடு நடந்த ஆறாம் ஒப்பந்தப் பேச்சில் தன் மக்களுக்காக உறுதியாக வாதாடியவர். 1885 மே 2 அன்று கட் நைஃப் குன்றில் கனடியப் படை அவருடைய முகாமைத் தாக்கியது, தோற்றுப் பின்வாங்கியது. துரத்திப் போய்க் கொன்று குவித்திருக்கலாம். துரத்த வேண்டாம் என்று தன் வீரர்களைத் தடுத்து நிறுத்தினார் பவுண்ட்மேக்கர். அதற்குப் பரிசாகக் கிடைத்தது ராஜத்துரோகக் குற்றச்சாட்டும் மூன்றாண்டுச் சிறைத் தண்டனையும். உடல் தளர்ந்து முன்கூட்டியே விடுதலையானவர் 1886 ஜூலையில் இறந்தார். அந்தத் தீர்ப்பு தவறு என்று கனடா ஏற்றுக்கொள்ள 134 ஆண்டுகள் ஆயின. 2019 மே 23 அன்று பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ அந்த ஊருக்கே வந்து அவரைக் குற்றமற்றவர் என்று அறிவித்து மன்னிப்புக் கேட்டார்.

தோற்று ஓடும் பகைவனைத் துரத்தாமல் விட்டதற்காக வரலாறு நினைவில் வைத்திருக்கும் மனிதர் அவர். இந்த வகை விளையாட்டுகளின் இலக்கணமோ நான்கு சொற்களில் அடங்கும்: தேடு, பரவு, சுரண்டு, ஒழி. 1993-இல் அமெரிக்க கேம் பத்திரிகையாளர் ஆலன் எம்ரிக் வேறொரு விளையாட்டை வருணிக்கும்போது சொன்ன இந்த நான்கும் அப்படியே ஒரு வகைக்கே பெயராகிவிட்டன. இந்த நான்கையும் செய்யாமல் பவுண்ட்மேக்கரை வைத்து வெற்றி பெறுவது கடினம். அவருடைய முகம் சரியாக இருந்தது, மொழி சரியாக இருந்தது. அவருக்குக் கொடுத்த வேலைதான் அவருக்கு நேர் எதிரானது.

வீடியோ கேமைப் பற்றி எழுதுகிற பலரும் தவறவிடும் இடம் இது. நாவலில் கருத்து சொற்களில் இருக்கிறது, ஓவியத்தில் கோட்டிலும் நிறத்திலும். விளையாட்டில் அது விதிகளில் இருக்கிறது. எதற்குப் புள்ளி கிடைக்கிறது, எதைச் செய்தால் தோற்போம், எதைச் செய்யவே முடியாது என்பவைதான் விளையாட்டு பேசும் மொழி. தோற்றத்தைத் திருத்திவிட்டு விதியைத் தொடாமல் விட்டால், பிறர் பண்பாட்டை மதித்துவிட்டோம் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

விதியைத் தொட முடியும் என்பதையும் இதே விளையாட்டு அடுத்த ஆண்டே காட்டியது. 2019 பிப்ரவரியில் வந்த விரிவாக்கத்தில் மாவோரி மக்கள் சேர்க்கப்பட்டார்கள். தலைவர் கூப்பே, அவர்களுடைய மரபுக் கதைகளின் கடலோடி. மற்ற எல்லோரும் தரையில் தொடங்க, கூப்பே மட்டும் நடுக்கடலில் தொடங்குகிறார். கரை தேடிப் போக வேண்டும். மற்றவர்கள் நிலத்தின் வளங்களை அறுவடை செய்து உடனடி லாபம் பார்ப்பார்கள். மாவோரிகளால் அப்படி அறுவடை செய்யவே முடியாது. வெட்டாமல் விட்ட காடுதான் அவர்களுக்குப் பலன் தரும். கூப்பேயை வைத்து ஆடியபோது என் கை பழக்கத்தில் வளத்தை அறுவடை செய்யும் பொத்தானைத் தேடி நின்றது. வேறு ஒரு மக்கள் நிலத்தைப் பார்க்கும் விதத்தை நூறு பக்கக் கட்டுரை சொல்லித் தருவதைவிட அந்த ஒரு தடை நன்றாகச் சொல்லித் தந்தது. இந்தக் கலைக்கு மட்டுமே வாய்த்த திறன் இது.

பயத்துக்குப் பெயர் மரியாதை அல்ல

பண்பாட்டு மரியாதை என்ற பேச்சு எழுந்ததும் பலர் முகம் சுளிப்பதற்கும் காரணம் உண்டு. அந்தப் பெயரில் நடப்பது பெரும்பாலும் பயம்தான். 2008-இல் 'ஃபால்அவுட் 3' என்ற புகழ்பெற்ற விளையாட்டை இந்தியாவில் வெளியிடப் போவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. பண்பாட்டு உணர்வுகளைக் கருதி என்றார்கள். எந்த உணர்வு என்று சொல்லவில்லை. அணுகுண்டுக்குப் பிந்தைய உலகில் அலையும் இரண்டு தலைப் பசுவுக்கு அதில் 'பிராமின்' என்று பெயர், அதுதான் காரணமாக இருக்கும் என்று பத்திரிகைகள் ஊகித்தன. வெளிவந்து யாரும் புண்பட்டு நிறுத்தவில்லை. புண்படலாம் என்ற அச்சத்திலேயே கடையை மூடிவிட்டார்கள்.

ஜெர்மனியில் நடந்தது இதைவிடக் கசப்பானது. நாஜிகளை எதிர்த்துச் சண்டையிடும் 'வுல்ஃபென்ஸ்டைன் 2' 2017-இல் அங்கே வந்தபோது, நாஜிச் சின்னங்களைத் தடை செய்யும் சட்டத்துக்கு அஞ்சி ஸ்வஸ்திகாவை அழித்தார்கள், ஹிட்லரின் மீசையை மழித்து வேறு பெயர் வைத்தார்கள். அதோடு யூதர்கள் பற்றிய குறிப்புகளும் போய்விட்டன. கொலைகாரனுக்கு முகமூடி போட்டு, கொல்லப்பட்டவர்களை வரலாற்றிலிருந்து எடுத்துவிட்ட ஒரு மரியாதை! 2018 ஆகஸ்டில் ஜெர்மனியின் விளையாட்டுத் தணிக்கை அமைப்பு தன் நிலையை மாற்றிக்கொண்டது. சினிமாவைப் போல விளையாட்டையும் கலையாகக் கருதி, தேவையான இடத்தில் சின்னங்களைக் காட்டலாம் என்றது. தாமதமான முடிவுதான், ஆனால் சரியான முடிவு.

இந்த இரண்டு இடத்திலும் சம்பந்தப்பட்ட மக்களை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை என்பதைக் கவனியுங்கள். பியூப்ளோ விவகாரத்தில் கேட்டார்கள், பதிலை ஏற்றார்கள். வழக்கறிஞரிடம் கேட்பதும் அந்த மக்களிடம் கேட்பதும் ஒன்றல்ல.

ஷானி மக்களோடு ஓர் உடன்பாடு

சிவிலைசேஷனின் ஏழாம் பதிப்பு 2025 பிப்ரவரியில் வந்தது. அதில் ஷானி மக்களும் அவர்களுடைய பெருந்தலைவர் டெகும்சேயும் இருக்கிறார்கள். அவர்களைச் சேர்ப்பதற்கு ஓக்லஹோமாவில் இருக்கும் ஷானி பழங்குடி அரசோடு சேர்ந்து வேலை செய்தது ஃபிராக்ஸிஸ். அதன் தலைவர் பென் பார்ன்ஸ் வெளிப்படையாக இதை ஆதரித்துப் பேசினார். டெகும்சே ஷானி மொழியில் பேசுகிறார். அந்த மொழியைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் இன்று மிகச் சிலரே. அதை மீட்கும் பணிக்கு நிறுவனம் பணமும் கொடுத்தது. விற்பனையில் ஒரு நாகரிகத்தின் பெயரைப் பயன்படுத்தினால் அந்த மக்களின் மொழிக்குக் கூலி கொடு என்பது எனக்கு மிகச் சரியாகப் படுகிறது.

அதைவிட எனக்குப் பிடித்தது விதியில் செய்திருக்கும் வேலை. 1809 ஃபோர்ட் வேன் ஒப்பந்தத்தில் சில தலைவர்கள் சுமார் 30 லட்சம் ஏக்கர் நிலத்தை அமெரிக்க அரசுக்கு எழுதிக் கொடுத்தார்கள். நிலம் எல்லாப் பழங்குடிகளுக்கும் பொது, சிலர் சேர்ந்து விற்க முடியாது என்று சொல்லிப் பல இனங்களையும் ஒரே அணியில் திரட்டியவர் டெகும்சே. 1813 அக்டோபர் 5 அன்று போர்க்களத்தில் உயிரைவிட்டார். விளையாட்டில் அவருடைய பலம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? எத்தனை சிறு சுதந்திர ஊர்களை நட்பாக்கிக்கொள்கிறீர்களோ அத்தனைக்கு அவருடைய விளைச்சலும் படையும் உயரும். முந்தைய பதிப்புகளில் 'காட்டுமிராண்டிகள்' என்று பெயரிட்டு, கண்டதும் கொல்ல வேண்டியவர்களாக வைத்திருந்த கூட்டத்தை இந்தப் பதிப்பில் நட்பு கொள்ளக்கூடிய சுதந்திரச் சமூகங்களாக மாற்றியும் இருக்கிறார்கள். 34 ஆண்டுகளில் இந்தத் தொடரில் நடந்த மிக நல்ல திருத்தம் இதுதான் என்பேன்.

குறை இல்லாமல் இல்லை. ஷானி மக்கள் அடிப்படை விளையாட்டில் இல்லை. முன்கூட்டியே பணம் கட்டியவர்களுக்கு இலவச இணைப்பு. மற்றவர்கள் தனியாக வாங்க வேண்டும். இவ்வளவு அக்கறையோடு செய்ததை விற்பனைத் தூண்டிலாக்கியிருக்க வேண்டாம். இன்னொன்று ஆழமான சிக்கல். வெளியான வடிவில் ஏழாம் பதிப்பில் மூன்று யுகங்கள். ஒவ்வொரு யுகம் முடியும்போதும் உங்கள் நாகரிகத்தை விட்டு வேறொன்றாக மாற வேண்டியிருந்தது. ஷானி நடு யுகத்தில் வருகிறது. நவீன யுகப் பட்டியலில் ஷானி இல்லை, அமெரிக்கா இருந்தது. ஒஹையோவிலிருந்து விரட்டப்பட்டு, கான்சாஸ் போய், அங்கிருந்தும் ஓக்லஹோமாவுக்குத் தள்ளப்பட்டு, 2000-இல்தான் தனிப் பழங்குடி அரசாக மறுபடி அங்கீகாரம் பெற்றவர்கள் இந்த ஷானி மக்கள். நவீன காலம் வரை வந்து சேர்வதற்காகவே அவர்கள் பட்ட பாடு அது. அவர்கள் உதவியோடு கட்டிய விளையாட்டில் நவீன காலம் பிறந்ததும் அவர்கள் மறைந்துபோனார்கள். குரலையும் உடையையும் கேட்டுச் செய்தவர்கள் இந்த யுக மாற்றத்தையும் அவர்களிடம் கேட்டிருக்க வேண்டும்.

சோழர் பக்கம்

இதே ஏழாம் பதிப்பில், அதே நடு யுகத்தில், நாமும் இருக்கிறோம். சோழர். அதற்குரிய அதிசயக் கட்டடம் தஞ்சைப் பெரிய கோயில். கப்பல்படைக்குப் பெயர் கலம், தனிச் சிறப்பு ஆளுக்குப் பெயர் ஒற்று. என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறு இரண்டு பெயர்கள். மணிக்கிராமம், அஞ்சுவண்ணம் என்று இரண்டு கட்டடங்கள்; இரண்டும் ஒரே இடத்தில் அமைந்தால் 'ஐந்நூற்றுவர்' என்ற வணிகர் பேட்டை உருவாகும். மூன்றும் மெய்யான வணிகக் குழுக்கள். மணிக்கிராமமும் அஞ்சுவண்ணமும் 849-இல் கொல்லத்தில் எழுதப்பட்ட தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் வருகின்றன. ஐந்நூற்றுவர் 1088-இல் சுமத்ராவின் பாரூஸில் தமிழ்க் கல்வெட்டு வெட்டி வைத்தவர்கள். அஞ்சுவண்ணம் மேற்காசியாவிலிருந்து வந்த வணிகரோடு தொடர்புடைய குழு. சோழர் என்றதும் புலிக்கொடியையும் வாளையும் தேடாமல், பல மதத்தாரும் பல மொழியாரும் கலந்து நின்ற துறைமுகத்தைத் தேடிப் போயிருக்கிறார்கள். படித்துத்தான் செய்திருக்கிறார்கள். நம்முடைய வரலாற்றுப் படங்கள் பலவும் செய்யாத வேலை.

பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் இதுவரை பிறரைப் பற்றி எழுதிய அளவுகோலை இங்கே கீழே வைத்துவிட முடியாது. போப்பே, பவுண்ட்மேக்கர், டெகும்சே மூவரும் படையெடுப்பை எதிர்த்து நின்றவர்கள். சோழர் படையெடுத்தவர்கள். 993-இல் தொடங்கிய படையெடுப்பில் இலங்கையின் அநுராதபுரம் பாழானது. தலைநகர் பொலன்னறுவைக்கு மாறியது. சிங்கள மன்னன் ஐந்தாம் மகிந்தன் 1017-இல் சிறைப்பட்டுச் சோழநாட்டிலேயே 1029-இல் இறந்தான். 1025-இல் கடாரத்தின் மீது போன கப்பல்களை நாம் பாட்டாகவும் பட்டமாகவும் கொண்டாடுகிறோம். கடாரம் இன்றைய மலேசியாவின் கெடா, அங்கேயும் பிள்ளைகள் இந்த விளையாட்டை ஆடுகிறார்கள்.

பவுண்ட்மேக்கருக்காகப் பேச அவர் பெயரிலேயே ஒரு சமூகம் இருந்தது. சோழருக்காகப் பேச எந்தச் சபையும் இல்லை. தமிழர் எல்லோரும் சேர்ந்தாலும் அந்த உரிமை முழுதாக நமக்கு இல்லை என்றே நினைக்கிறேன். அடுத்த பதிப்புக்காக யாராவது சோழரைப் பற்றிக் கேட்டுக்கொண்டு வந்தால், தஞ்சாவூரில் நாம் சொல்வதைக் குறித்துக்கொண்டு பொலன்னறுவைக்கும் கெடாவுக்கும் போகட்டும். அங்கே நம் மனதுக்குப் பிடிக்காத பதில் வந்தால், அதையும் விதிகளில் சேர்க்கட்டும்.